கப்பல் நிற்கும் எட்டு மணி நேரம்: மத்தியதரைக் கடலோரப் பழைய ஊர்களை வரைந்தபடி சுற்ற ஒரு முழுமையான வழிகாட்டி

மாண்டினீக்ரோ நாட்டின் கோட்டோர் வளைகுடாவுக்குள் கப்பல் நுழைந்தபோது காலை மணி ஐந்தரை. டெக்கில் என்னையும் சேர்த்து ஆறேழு பேர்தான். இரண்டு பக்கமும் மலை, நடுவில் தட்டில் ஊற்றி வைத்த எண்ணெய் மாதிரி அசையாத தண்ணீர். முதல் பயணத்தில் இந்த இடத்தில் போனை எடுத்து நூறு படத்துக்கு மேல் பிடித்துத் தள்ளினேன். அன்று மாலைக்குள் எது எந்த மலை என்றே தெரியவில்லை. இரண்டாவது முறை போனபோது கையில் ஒரு நோட்டும் பேனாவும் மட்டும். பதினைந்து நிமிஷத்தில் கோணல்மாணலாக ஒரு கோட்டுப்படம். அந்த மலையின் முதுகு எங்கே மடிகிறது என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன்.

கப்பலில் போகிறவருக்கு நேரம்தான் முதல் தட்டுப்பாடு. பெரும்பாலும் காலை எட்டுக்கு நங்கூரம், மாலை ஐந்து ஆறுக்குப் புறப்பாடு. இறங்க ஏற வரிசையில் நிற்பது, சாப்பாடு, துறைமுகத்திலிருந்து ஊருக்குப் போய்வருவது எல்லாம் கழித்தால் கையில் ஐந்து மணி நேரம் நிற்கும். அதற்குள் கோட்டை, தேவாலயம், அருங்காட்சியகம், கடற்கரை எல்லாவற்றையும் பார்க்க நினைத்தால் எதையும் வரைய முடியாது. என் கணக்கு இது: ஊருக்கு ஒரு முழுப் படம், இரண்டு கிறுக்கல். மற்ற எல்லா முடிவும் இதற்குள் அடக்கம்.

கப்பலைத் தேர்ந்தெடுப்பது

கப்பல் நிறுவனத்தின் விளம்பரத்தில் நீச்சல் குளம், பஃபே எல்லாம் பெரிய எழுத்தில் இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது அட்டவணையில் உள்ள இரண்டு எண்கள்: எத்தனை மணிக்கு வருகிறது, எத்தனை மணிக்குப் போகிறது. மதியம் ஒரு மணிக்கு வந்து ஏழுக்குக் கிளம்பும் ஊரில் காலை வெளிச்சம் கிடைக்காது, மதிய வெயில் மட்டும்தான் கிடைக்கும். இரவு பத்து வரை நிற்கும் துறைமுகம் இருந்தால் அந்தப் பயணத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம்.

ஊரின் பெயரையும் நம்பிவிடாதீர்கள். 2021 ஆகஸ்ட் 1 முதல் 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் வெனிஸின் ஜூடெக்கா கால்வாய் வழியாகப் போகக் கூடாது. அதனால் 'வெனிஸ்' என்று போட்டிருக்கும் பயணம் மார்கேராவிலோ, தூரத்தில் இருக்கும் ராவென்னாவிலோ, ட்ரியெஸ்டேவிலோ தொடங்கலாம். சான் மார்கோ சதுக்கத்தைக் கப்பல் மேலிருந்து வரையலாம் என்ற கனவோடு போனால் ஏமாற்றம்தான்.

க்ரூஸ் வேண்டாம், சாதாரணப் படகிலேயே போகிறேன் என்பவர்களுக்கு ஆட்ரியாட்டிக் கடல் நல்ல இடம். குரோஷியாவின் ஸ்பிளிட்டிலிருந்து ஹ்வார், கோர்சுலா தீவுகள் வழியாக டுப்ரோவ்னிக்குக் கோடைக்காலத்தில் கட்டமரான் என்ற விரைவுப் படகு ஓடும். வேகமானது, ஆனால் உள்ளேயே உட்கார வேண்டும். கண்ணாடியில் உப்புத் தண்ணீர் தெறித்துத் தெறித்து வெளியே ஒன்றும் தெரியாது. வரைய வேண்டுமென்றால் கார் ஏற்றும் மெதுவான ஃபெர்ரியைப் பிடியுங்கள். மேல் டெக் திறந்திருக்கும், ஒரு பெஞ்ச் கிடைக்கும்.

விசா பற்றி ஒரு வார்த்தை. இத்தாலி, கிரீஸ், மால்டா மூன்றும் ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஷெங்கன் பகுதிக்குள் இருக்கின்றன. குரோஷியாவும் 2023 ஜனவரி 1 அன்று சேர்ந்துவிட்டது, அதே நாளில் யூரோவுக்கும் மாறியது. மாண்டினீக்ரோ ஷெங்கனில் இல்லை. கோட்டோர் போய்விட்டு மறுபடி கிரீஸிலோ இத்தாலியிலோ இறங்கினால் அது புது நுழைவாகக் கணக்காகும். ஆகவே இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் மல்டிபிள் என்ட்ரி விசாவாகக் கேட்டு வாங்குங்கள்.

மாதம் என்றால் ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் நடுவரை, அல்லது செப்டம்பர், அக்டோபர். ஜூலை, ஆகஸ்டில் வெயில் நம்மூர் கத்திரிக்குச் சளைத்ததல்ல. சுண்ணாம்புக் கல் தரையிலிருந்து மேலே அடிக்கும் வெளிச்சம் வேறு கண்ணைக் கூசும்.

பையில் என்ன இருக்க வேண்டும்

முதல் தடவை நான் தூக்கிக்கொண்டு போனது ஒரு சின்ன ஸ்டேஷனரி கடை. பாதியைத் தொடவே இல்லை. இப்போது தோளில் மாட்டும் ஒரு சிறு பையில் எல்லாம் அடங்கிவிடும்.

ஏ5 அளவில் வாட்டர்கலர் ஸ்கெட்ச் புக், தாளின் கனம் 200 ஜிஎஸ்எம்முக்குக் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) குறையக் கூடாது. 300 இருந்தால் இன்னும் நல்லது. அகலவாக்கில் திறக்கும் புத்தகமாக வாங்குங்கள். இரண்டு பக்கத்தையும் விரித்தால் ஒரு முழுக் கடற்கரையையே நீட்டி வரையலாம். தண்ணீரில் கரையாத மையுள்ள பேனா இரண்டு, ஒன்று மெல்லியது, ஒன்று கொஞ்சம் தடித்தது. கரையாத மை என்று உறையில் எழுதியிருந்தாலும் வீட்டில் ஒரு கோடு போட்டு, ஈரத் தூரிகையால் தடவிப் பார்த்துவிட்டே எடுத்துப் போங்கள். 2பி பென்சில் ஒன்று.

வண்ணம் ஏழு போதும்: லெமன் யெல்லோ, யெல்லோ ஓக்கர், பர்ன்ட் சியன்னா, கேட்மியம் ஆரஞ்சு, அலிசரின் கிரிம்ஸன், அல்ட்ராமரீன் நீலம், செருலியன் நீலம். பச்சையைக் கலந்துகொள்ளலாம், அங்கே உள்ள சைப்ரஸும் ஆலிவும் டப்பாவில் வரும் பச்சையில் இல்லவே இல்லை. கட்டிவண்ணமாக இருந்தால் விமானத்தில் திரவக் கணக்கில் வராது.

வாட்டர் பிரஷ் என்று ஒன்று கிடைக்கிறது, பிடிக்குள்ளேயே தண்ணீர் நிற்கும். கப்பலில் அது தெய்வம். கிண்ணம் வைத்தால் அலையில் சாயும், காற்றில் கவிழும். ஊரில் உட்கார்ந்து பெரிய பரப்புக்கு வண்ணம் பூச மட்டும் எட்டாம் நம்பர் வட்டத் தூரிகை ஒன்று. இவற்றோடு நான்கு கிளிப், ஒரு பழைய கைக்குட்டை, தொப்பி. மடக்கு நாற்காலி எடுத்துப் போக வேண்டாம். மத்தியதரைக் கடலோரத்தில் உட்காரப் படிக்குப் பஞ்சமே இல்லை. அடியில் போட ஒரு துண்டு ரெக்ஸின் போதும், கல் சுடும்.

கப்பல் மேலிருந்து வரைவது

தரைவழி வருகிற பயணிக்குக் கிடைக்காத ஒன்று கப்பல் பயணிக்குக் கிடைக்கிறது. இந்த ஊர்கள் எல்லாம் கடலைப் பார்த்துக் கட்டியவை. மதில், மணிக்கூண்டு, துறைமுகக் கோட்டை எல்லாவற்றுக்கும் முகம் தண்ணீர்ப் பக்கம்தான். பஸ்ஸில் போய் இறங்குகிறவர் ஊரின் முதுகு வழியாக நுழைகிறார். நீங்கள் வாசல் வழியாக நுழைகிறீர்கள், அதற்குச் சீக்கிரம் எழுந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கப்பல் எத்தனை மணிக்குக் கரை கட்டும் என்று முதல் நாள் இரவு அறைக்கு வரும் தாளில் இருக்கும். அதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் டெக்குக்குப் போங்கள். கோட்டோர் என்றால் இரண்டு மணி நேரம் முன்னால், ஏனென்றால் வளைகுடா சுமார் 28 கிலோமீட்டர் உள்ளே போகிறது. காற்று படாத இடமாக, ஏதாவது ஒரு தடுப்புக்குப் பின்னால் நில்லுங்கள். புத்தகத்தின் நான்கு மூலையிலும் கிளிப். ஒரு முறை கிளிப் போடச் சோம்பல்பட்டு, காய்ந்தும் காயாமலும் இருந்த ஒரு பக்கம் அடுத்த பக்கத்தோடு ஒட்டிக்கொண்டது. பிரித்தபோது ஒரு கோட்டையின் பாதி வானத்தில் பதிந்திருந்தது.

நகரும் கப்பலிலிருந்து வரையும்போது எதிரே உள்ள காட்சி மாறிக்கொண்டே இருக்கும். அதைத் துரத்தக் கூடாது. நான் செய்வது: பக்கத்தை நீளவாக்கில் மூன்று பட்டையாகக் கோடு போட்டுப் பிரித்துக்கொள்வேன். ஒவ்வொரு பட்டைக்கும் ஐந்து நிமிஷம். முதல் பட்டையில் மலைகளின் விளிம்பு மட்டும், பேனாவை எடுக்காமல் ஒரே கோடு. இருபது நிமிஷம் கழித்து, ஊர் கொஞ்சம் நெருங்கியதும் இரண்டாவது பட்டை: மதில், கோபுரங்கள், கூரைகளின் மொத்த வடிவம். மூன்றாவது, கரை கட்டும்போது: ஜன்னல் தெரியும் தூரம். ஒரே பக்கத்தில் ஊர் உங்களை நோக்கி நடந்து வந்தது போல இருக்கும்.

வண்ணம் பூசும்போது தூரத்து மலைக்கு அல்ட்ராமரீனில் நிறையத் தண்ணீர். அது காய்ந்ததும் அடுத்த மலைக்குக் கொஞ்சம் அடர்த்தி, துளி பர்ன்ட் சியன்னா. கிட்ட உள்ளதற்கு இன்னும் அடர்த்தி. மூன்றே அடுக்கில் பல கிலோமீட்டர் ஆழம் வந்துவிடும். முந்தைய அடுக்கு காயாமல் அடுத்ததைப் போட்டால் மூன்றும் கலந்து ஒரே மேகமாகிவிடும்.

கோட்டோர் போகும்போது வெரிகே என்ற குறுகலைத் தாண்டியவுடன் தயாராக இருங்கள். அங்கே கடல் 340 மீட்டர் அகலம்தான். தாண்டினால் பெராஸ்ட் என்ற சிற்றூரும் அதன் எதிரே இரண்டு குட்டித் தீவுகளும். ஒன்று இயற்கைத் தீவு, சைப்ரஸ் மரங்கள் ஈட்டி நட்டது போல நிற்கும். இன்னொன்று மனிதர்கள் கட்டியது. பழைய படகுகளில் கல்லை நிரப்பி மூழ்கடித்து மூழ்கடித்து எழுப்பியது. இன்றும் ஆண்டுதோறும் ஜூலை 22 அன்று ஊர்க்காரர்கள் படகில் போய்க் கல் போடுகிறார்கள். கப்பல் வலப்பக்கம் திரும்பும், தீவுகள் உங்கள் இடப்பக்கம் நழுவும். ஐந்து நிமிஷம்கூடக் கிடைக்காது. ஒன்றைத் தேர்ந்தெடுத்து வரையுங்கள். நீலக் கவிகைக் கூரையுள்ள தேவாலயத் தீவு எளிது.

இறங்கியதும் முதல் ஒரு மணி நேரம்

புத்தகத்தைத் திறக்காதீர்கள். அழகாக இருக்கிறதே என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டால் உள்ளே இருக்கும் இன்னும் நல்ல மூலை கிடைக்காமல் போகும். நானும் அப்படி உட்கார்ந்து ஏமாந்திருக்கிறேன்.

கப்பலிலிருந்து இறங்கும் கூட்டம் முழுக்க ஒரே பெரிய தெருவில் போகும். அதிலிருந்து இரண்டாவது குறுக்குச் சந்தில் திரும்புங்கள். மேடு இருந்தால் மேட்டில் ஏறுங்கள். துணி காயும் சந்து, தண்ணீர்க் குழாய், மளிகைக் கடை தெரிந்தால் சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள். நடக்கும்போது மூன்று இடத்தை மனதில் குறித்து வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்றே கேள்வி: நிழலில் உட்கார இடம் உண்டா? ஒரு மணி நேரத்தில் வெயில் எந்தப் பக்கம் போகும்? யாருடைய வாசலையாவது அடைக்கிறேனா?

நிழல் என்று நான் சொல்வது உடம்புக்காக மட்டும் இல்லை. வெயிலில் தாள் பளீரென்று கண்ணைக் கூசும். கண் ஏமாந்து வண்ணத்தை அதிகமாக அடிப்போம். அறைக்குத் திரும்பிப் பார்த்தால் படம் இருண்டு கிடக்கும். தாளும் நிழலில்தான் இருக்க வேண்டும்.

ஒரு படம், ஆரம்பத்திலிருந்து முடிவு வரை: வலெட்டாவின் படிக்கட்டுத் தெரு

முறையை வெறுமனே சொல்வதைவிட ஒரு படத்தைப் பிரித்துக் காட்டுகிறேன்.

மால்டாவின் தலைநகர் வலெட்டா 1565-இல் நடந்த பெரும் முற்றுகைக்குப் பிறகு எழுந்த ஊர். அடுத்த ஆண்டே அடிக்கல் நட்டார்கள். இத்தாலியப் பொறியாளர் ஃபிரான்செஸ்கோ லாபரெல்லி கட்டம் கட்டமாகத் தெருக்களை வகுத்தார். காகிதத்தில் அது நேர்க்கோடு. ஆனால் ஊர் இருப்பது ஒரு மேட்டின் முதுகில். அதனால் நேராக வரும் தெரு திடீரென்று படிக்கட்டாகி இறங்கும், மறுபடி ஏறும். செயின்ட் உர்சுலா தெரு அப்படி ஒன்று. இரண்டு பக்கமும் தேன் நிறச் சுண்ணாம்புக்கல் வீடுகள், அவற்றின் மேல் மரத்தில் அடைத்துக் கட்டிய மாடங்கள். மால்டா மொழியில் கல்லரியா என்கிறார்கள். பச்சை, சிவப்பு, நீலம், எதிர் வீட்டுக்கு ஒரு நிறம் என்று இருக்கும்.

படிக்கட்டின் அடியில், ஓரமாக உட்கார்ந்து மேல்நோக்கிப் பார்க்கிறேன்.

முதல் இரண்டு நிமிஷம், பக்கத்தின் ஓரத்தில் தீப்பெட்டி அளவில் ஒரு குட்டிப் படம். வானம் வெள்ளை, வெயில் பட்ட சுவர் வெள்ளை, நிழல் முழுக்க ஒரே சாம்பல். அவ்வளவுதான். இந்தத் தீப்பெட்டி சரியாக இல்லையென்றால் பெரிய படமும் சரியாக வராது, இடத்தை மாற்றிவிடுவேன்.

அடுத்து, கண்மட்டக் கோடு. உட்கார்ந்திருக்கும்போது கண் இருக்கும் உயரத்தில் பென்சிலில் லேசாக ஒரு கிடைக்கோடு. வீடுகளின் ஜன்னல் விளிம்பு, மாடத்தின் அடி, கூரை விளிம்பு எல்லாம் தூரம் போகப் போக இந்தக் கோட்டின் மேல் உள்ள ஒரு புள்ளியை நோக்கி இறங்கும். ஆனால் படிக்கட்டு அந்தப் புள்ளிக்குப் போகாது! இங்கேதான் பெரும்பாலோர் தவறுவது. மேலே ஏறும் தெருவின் இரு ஓரமும் கண்மட்டத்துக்கு மேலே, அதே செங்குத்துக் கோட்டில் இருக்கும் இன்னொரு புள்ளியில் சேரும். கீழே இறங்கும் தெருவானால் கண்மட்டத்துக்குக் கீழே. வீட்டுக்கு ஒரு புள்ளி, தெருவுக்கு ஒரு புள்ளி. இதை ஒரு முறை பிடித்துவிட்டால் கோட்டோர், டுப்ரோவ்னிக், கோர்சுலா எல்லா மேட்டுச் சந்தும் கைக்குள் வந்துவிடும். பிடிக்காமல் போனால் படியெல்லாம் சமதரையாகப் படுத்துக்கொள்ளும்.

இப்போது பேனா. வீட்டிலிருந்து தொடங்குவதில்லை, வானத்திலிருந்து. இரண்டு வரிசை வீட்டுக்கு நடுவில் வானம் ஒரு தலைகீழ் ஆப்பு மாதிரி இருக்கும், ஓரமெல்லாம் பல் பல்லாக. அந்த ஆப்பின் வடிவத்தை மட்டும் கவனமாக வரைந்தால் இரண்டு பக்கக் கூரையும் தானாக வந்துவிடும். கையை நீட்டிப் பேனாவை அளவுகோலாகப் பிடித்து, ஆப்பின் அகலத்தையும் உயரத்தையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். கை மடங்கக் கூடாது. மடங்கினால் அளவு மாறிவிடும்.

மாடங்களைப் பெட்டியாக நினைத்துக்கொள்ளுங்கள். மிக அருகில் இருப்பதை மட்டும் நிறுத்தி நிதானமாக: கண்ணாடிச் சட்டங்கள், அடியில் தாங்கும் கல் முட்டு, துருப்பிடித்த கொக்கி. இரண்டாவதற்குப் பாதி விவரம். மூன்றாவதிலிருந்து வெறும் பெட்டி. படிகளிலும் அப்படியே, முதல் நான்கு படியைத் தெளிவாக. மேலே போகப் போகச் சிறு கீறல்கள். எல்லாப் படியையும் எண்ணி வரைந்தால் படம் சீப்பு மாதிரி ஆகிவிடும்.

இதுவரை இருபது நிமிஷம். இனி வண்ணம். யெல்லோ ஓக்கரில் நிறையத் தண்ணீர் விட்டு எல்லாச் சுவருக்கும் ஒரே மெல்லிய பூச்சு; நேர் வெயில் பட்ட இடத்தில் அதையும் பூசாமல் தாளின் வெள்ளையை விட்டுவிடுங்கள். சுண்ணாம்புக் கல்லின் பிரகாசத்தை எந்த வண்ணத்தாலும் கொண்டுவர முடியாது, விடுவதால்தான் வரும். காய்ந்ததும் நிழல்: அல்ட்ராமரீனும் பர்ன்ட் சியன்னாவும், நீலம் கொஞ்சம் தூக்கலாக. நிழல் பக்கச் சுவர் முழுவதையும், மாடங்களின் அடி, தரையில் விழுந்த நிழல் உட்பட ஒரே மூச்சில், தூரிகையை எடுக்காமல். ஈரமாக இருக்கும்போதே தரைக்கு அருகில் துளி ஓக்கரை விடுங்கள். எதிர்ச் சுவரின் வெயில் நிழலுக்குள் திரும்பி அடிப்பது அங்கே தெரியும். கடைசியில் மாடங்களின் பச்சையும் சிவப்பும். எல்லாவற்றுக்கும் பூச வேண்டாம். இரண்டு மூன்றுக்குப் போதும்.

மொத்தம் நாற்பது, நாற்பத்தைந்து நிமிஷம். அதற்கு மேல் கையை வைத்தால் கெடும். என் அனுபவத்தில் ஐம்பதாவது நிமிஷத்தில்தான் பாழாக்கியிருக்கிறேன்.

வலெட்டாவில் இன்னும் ஒன்று. கப்பல் கோட்டை மதிலுக்கு அடியிலேயே நிற்கும். 58 மீட்டர் உயர லிஃப்டில் ஏறினால் அப்பர் பராக்கா தோட்டம். எதிரே துறைமுகம், அக்கரையில் மூன்று நகரங்கள் என்று சொல்லும் பழைய ஊர்கள். காலையில் அங்கே உட்காராதீர்கள், சூரியன் அந்தப் பக்கமிருந்து வரும். அக்கரை வெறும் நிழலுருவம். காலையில் கப்பல் உள்ளே நுழையும்போது வலப்பக்கம் வலெட்டாவின் மதில் பொன்னாக மின்னும், அதை வரைந்துகொள்ளுங்கள். தோட்டத்துக்கு மதியத்துக்கு மேல் வாருங்கள். நடுப்பகலிலும் மாலை நான்குக்கும் கீழே பீரங்கி வெடிப்பார்கள். தெரியாமல் தூரிகையோடு உட்கார்ந்திருந்தால் வானத்தில் ஒரு கோடு கூடுதலாக விழும்.

மற்ற ஊர்கள், சுருக்கமாக

ஸ்பிளிட்டில் கப்பலிலிருந்து நடந்தே போய்விடலாம். பழைய ஊர் என்பதே ரோமப் பேரரசன் டயோக்ளீஷியன் தன் ஓய்வுக்காலத்துக்கு 305-ஐ ஒட்டிக் கட்டிய அரண்மனைதான். மக்கள் அதற்குள் குடியேறி, தூண்களுக்கு நடுவே சுவர் வைத்து, ஜன்னல் திறந்து இன்னமும் வாழ்கிறார்கள். கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய அந்த மன்னனின் சமாதிக் கட்டடம்தான் இன்று ஊரின் தேவாலயம். தூண்கள் சூழ்ந்த பெரிஸ்டைல் முற்றத்தில் ஒரு கருங்கல் ஸ்ஃபிங்க்ஸ், அதாவது சிங்க உடம்புச் சிலை, படுத்திருக்கிறது. எகிப்திலிருந்து கொண்டுவந்தது, சுமார் 3,500 ஆண்டுப் பழசு. முற்றம் முழுவதையும் வரைய முயலாதீர்கள், ஸ்ஃபிங்க்ஸையும் அதன் பின்னால் ஒரு தூணையும் வரையுங்கள். அங்கே மிகக் குறுகலான ஒரு சந்துக்கு 'என்னைப் போகவிடு' என்றே பெயர். அதில் மட்டும் ஸ்கெட்ச் புக்கோடு உட்கார வேண்டாம்.

டுப்ரோவ்னிக்கில் கப்பல் நிற்கும் குரூஷ் துறைமுகத்திலிருந்து பழைய ஊர் சுமார் 3 கிலோமீட்டர், பஸ் உண்டு. ஊரைச் சுற்றி 1,940 மீட்டர் நீள மதில். மேலே நடக்கக் கட்டணம் குறைவில்லை, ஆனால் வரைகிறவருக்கு அது தண்டமில்லை. காரணம் கூரைகள். யூகோஸ்லாவியா உடைந்தபோது நடந்த 1991-92 முற்றுகையில் பழைய ஊரின் கட்டடங்களில் மூன்றில் இரண்டு பங்கு குண்டடி பட்டன. அதற்குப் பின் வேய்ந்த ஓடுகள் பளிச்சென்ற ஆரஞ்சு. தப்பிய பழைய ஓடுகள் வெளுத்த பழுப்பு, பாசி படிந்தவை. எல்லாக் கூரைக்கும் ஒரே செங்காவி பூசிவிடாதீர்கள். புதியதற்கு கேட்மியம் ஆரஞ்சும் துளி பர்ன்ட் சியன்னாவும், பழையதற்கு ஓக்கரும் சியன்னாவும் சிட்டிகை நீலமும். உங்கள் படத்தில் அந்தப் போர் தானாகப் பதிந்துவிடும். மதிலில் ஏறாதவர்கள் கிழக்கு வாசலான ப்ளோச்சே பக்கம் போங்கள். பழைய துறைமுகமும் கோட்டையும் காலை வெயிலில் நேராகத் தெரியும்.

கோட்டோர் மலையின் மேற்கு அடிவாரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. காலையில் வெகுநேரம் ஊருக்கு வெயில் வராது, எல்லாம் ஒரே நீல நிழல். அந்த நேரத்தில் மதிலோரப் படிகளில் ஏறிவிடுங்கள். கோட்டை வரை 1,350 படி என்பார்கள். பாதியில் ஒரு சிறு தேவாலயம் வரும், அங்கிருந்தே கூரைகளும் வளைகுடாவும் தெரியும், அதற்கு மேல் ஏறுவது முழங்காலின் விருப்பம். கீழே வந்தால் பூனைகள். அந்த ஊரே பூனைக்குப் பேர் போனது. நான் வரைந்துகொண்டிருந்தபோது ஒன்று வந்து திறந்திருந்த வண்ணப்பெட்டியை மோந்து பார்த்துவிட்டு, காயாத நிழலில் கால் வைத்து நடந்து போனது. அந்தப் பாதச்சுவடு இன்னும் பக்கத்தில் இருக்கிறது. படத்தில் உருப்படியான இடமே அதுதான் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

கோர்சுலாவுக்குப் பெரும்பாலும் ஃபெர்ரியில்தான் போவீர்கள். தெருக்கள் மீன்முள் மாதிரி. மேற்கே போகும் சந்துகள் நேர், கோடைக் கடற்காற்று உள்ளே வர. கிழக்கே போகும் சந்துகள் லேசாக வளைவு, குளிர்கால 'புரா' காற்று நேரே அடிக்காமல் இருக்க. முதுகெலும்புத் தெருவில் நின்று இரண்டு பக்கமும் ஒவ்வொரு சந்தை வரைந்தால் வித்தியாசம் தெரியும்.

கோர்ஃபு கிரேக்கத் தீவு, ஆனால் ஊரின் முகம் வெனிஸ் மாதிரி. காம்பியெல்லோ பகுதிச் சந்துகளில் தலைக்கு மேலே துணி காயும். கொடியைத்தான் வரைய வேண்டும், வீட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். 1815 முதல் 1864 வரை ஆங்கிலேயர் பாதுகாப்பில் இருந்ததால் கடற்கரை மைதானத்தில் இன்றும் கிரிக்கெட் ஆடுகிறார்கள். பேட்டோடு ஒரு கிரேக்கப் பையனை வரையும் வாய்ப்பு வேறெங்கு கிடைக்கும்?

மனிதர்களை வரைவது

சமதரையில் நீங்கள் உட்கார்ந்திருந்தால், கண்மட்டக் கோடு நடப்பவர்களின் இடுப்பை ஒட்டி வரும், அருகில் இருப்பவருக்கும் தூரத்தில் இருப்பவருக்கும் அதே இடத்தில். அந்தக் கோட்டின் மேலே தலை, கீழே கால். ஒருவரைச் செய்ய பத்து வினாடி. முகம் வேண்டாம்.

யாராவது பின்னால் வந்து எட்டிப் பார்ப்பார்கள். மூடாதீர்கள், காட்டுங்கள். கடைக்காரர் வாசலில் என்றால் முதலில் ஒரு காபி வாங்கிவிட்டு உட்காருங்கள். தேவாலயத்துக்குள் வழிபாடு நடக்கும்போது பேனாவைப் பையில் வையுங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை அங்கே நல்லது.

திரும்பி ஏறுவது

கடைசி ஆள் ஏற வேண்டிய நேரம் பெரும்பாலும் புறப்பாட்டுக்கு அரை மணி முன்பு, சில நாள் அதற்கும் முன்பு. அந்த நேரத்தைப் பேனாவால் புத்தகத்தின் உள் அட்டையில் எழுதுங்கள். கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலாவில் போனவர்களுக்காகக் கப்பல் காத்திருக்கும், தனியாகச் சுற்றுகிறவருக்காகக் காத்திருக்காது.

நேர வித்தியாசம் இன்னொரு பொறி. குரோஷியா, இத்தாலி, மால்டாவைவிட கிரீஸ் ஒரு மணி நேரம் முன்னால். கோர்ஃபுவில் என் போன் ஏரோப்ளேன் மோடில் பழைய நேரத்திலேயே நின்றது. கப்பலோ முந்தைய இரவே கிரேக்க நேரத்துக்கு மாறியிருந்தது. லிஸ்டன் என்ற கட்டட வரிசையின் வளைவுகளை நிதானமாக வரைந்துகொண்டிருந்தவன் தேவாலய மணி அடித்ததை எண்ணிப் பார்த்து, ஈரப் புத்தகத்தை விரித்தபடியே டாக்சி தேடி ஓடினேன். கப்பலில் ஏறும் பாலத்தைத் தூக்குவதற்கு ஏழெட்டு நிமிஷம் இருந்தது. இப்போது கப்பல் நேரத்துக்கு ஒரு மலிவான கைக்கடிகாரம் தனியாகக் கட்டிக்கொள்கிறேன்.

இரவில் அறையில்

எட்வர்ட் லியர் என்ற ஆங்கில ஓவியர் 19-ஆம் நூற்றாண்டில் கோர்ஃபுவில் பல ஆண்டுகள் தங்கி வரைந்தவர். அவருடைய பென்சில் படங்களின் மேல் இடம், தேதி, மணி எல்லாம் எழுதியிருக்கும். எந்த மரம், என்ன நிறம் என்று அங்கங்கே குறிப்பு. பாறை இருக்கும் இடத்தில் அதற்கான ஆங்கிலச் சொல்லை விளையாட்டாகத் தப்பும் தவறுமாக எழுதி வைப்பார். அந்தக் குறிப்புகளை வைத்துப் பிறகு மையும் வண்ணமும் போடுவார். 1873 முதல் 1875 வரை இந்தியா வந்தபோது மாமல்லபுரத்தையும் தஞ்சாவூரையும் திருச்சியையும்கூட இப்படித்தான் வரைந்துகொண்டு போனார்.

இந்தப் பழக்கத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். வண்ணம் பூச நேரமில்லாத கிறுக்கல்களில் 'கதவு: கத்தரிப்பூ நீலம்', 'சுவர்: சுக்குக் காபி', 'கடல்: ஓரத்தில் கிளிப்பச்சை, நடுவில் மயில் கழுத்து' என்று எழுதி வைக்கிறேன். டப்பாவில் இருக்கும் பெயர்களைவிட இவை இரவில் சரியாக நினைவுக்கு வருகின்றன. அறையில் உட்கார்ந்து அரை மணிக்குள் பூசிவிடுங்கள். நாளைக்கு என்று தள்ளினால் நாளைக்கு வேறு ஊர் வந்துவிடும். போனில் எடுத்த படத்தைப் பார்த்துத் திருத்த வேண்டாம், அது நிழலை எல்லாம் கறுப்பாக்கி வைத்திருக்கும்.

கழிவறையில் ஹேர் டிரையர் இருக்கும். ஒரு அடி தள்ளிப் பிடித்து, குறைந்த சூட்டில் பக்கத்தைக் காய வைத்து, நடுவில் ஒரு டிஷ்யூ வைத்து மூடுங்கள். வாட்டர் பிரஷ்ஷில் குழாய்த் தண்ணீரை நிரப்புங்கள். பேனா மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, நாளைக்கு எத்தனை மணிக்குக் கரை கட்டுகிறது என்று தாளில் பாருங்கள். அதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் அலாரம்.